பேட்டரி டிரில் வாங்கப் போகிறேன்: நீலமா, பச்சையா, மஞ்சளா?

#1 புதுக்குடித்தனம் (திருச்சி)

வணக்கம். போன மாதம்தான் கே.கே. நகரில் சொந்த வீட்டுக்குக் குடி வந்தோம். திரைச்சீலைக் கம்பி மாட்ட ஆள் கூப்பிட்டால் ஒரு ஓட்டைக்கு நூறு ரூபாய் என்கிறார். எண்ணிப் பார்த்தேன், திரைச்சீலைக்கு மட்டும் பதினான்கு ஓட்டை. அதுபோகக் கண்ணாடி, பூஜை அலமாரி, செருப்பு ஸ்டாண்ட். சமையலறைக் கதவுக் கீல்கள் இப்போதே ஆட ஆரம்பித்துவிட்டன. மொட்டைமாடியில் ஒரு பெஞ்சு செய்யும் ஆசையும் உண்டு. அதனால் மெஷினே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தாயிற்று.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். "ஒயர் மெஷின் வாங்கு, பேட்டரியெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்கிறார். எனக்கோ ஏணி மேல் நின்றுகொண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுப்பதை நினைத்தாலே அலுப்பு. பட்ஜெட் பன்னிரண்டாயிரம். ஆன்லைனில் 48 வோல்ட், இரண்டு பேட்டரி, ஒரு பெட்டி நிறைய பிட் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. போஷ் (நீலம், பச்சை), மகிட்டா, டிவால்ட் (மஞ்சள்) மாதிரிப் பெரிய பிராண்டுகள் பக்கம் போனால் 12 வோல்ட்டும் 18 வோல்ட்டும்தான், விலை மட்டும் பல மடங்கு. வோல்ட் குறைந்த சாமானுக்கு ஏன் விலை கூடுதல்?

#2 வயர்மேன்

தம்பி, அந்த 48 வோல்ட்டை மட்டும் தொடாதீர்கள். மற்றதைச் சாயங்காலம் வந்து எழுதுகிறேன், சைட்டில் இருக்கிறேன்.

#3 பேட்டரி கிறுக்கன்

வோல்ட் விஷயத்தை நான் சொல்கிறேன், என் பைத்தியமே அதுதான்.

பேட்டரியைப் பிரித்தால் உள்ளே டார்ச் செல் மாதிரி லித்தியம் செல்கள் இருக்கும். ஒரு செல்லுக்குச் சராசரியாக 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாக இணைத்தால் 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வரை ஏறும், அப்போது ஐந்துக்கும் சேர்த்து 21. நடுவில் ஒரு கணக்கு வைத்தால் 20. ஆக 18, 20, 21 என்று பெட்டி மேல் என்ன போட்டிருந்தாலும் உள்ளே அதே ஐந்து செல்தான். அமெரிக்காவில் டிவால்ட் "20 வோல்ட் மேக்ஸ்" என்று அச்சடித்து விற்பதைத்தான் ஐரோப்பாவில் "18 வோல்ட் எக்ஸ்ஆர்" என்று விற்கிறது. 12 வோல்ட்டும் அப்படித்தான், மூன்று செல், கணக்குப்படி 10.8.

நிஜமாகவே 48 வோல்ட் வேண்டுமானால் பதின்மூன்று செல் வேண்டும். இந்த வகை பேட்டரிகளில் சாதாரணமாக வரும் 18650 செல் ஒன்றின் எடை சுமார் 45 கிராம். பதின்மூன்றுக்கு 585 கிராம், மேல் ஓடு தனி. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய "48 வோல்ட்" பேட்டரியை நான் வைத்துப் பார்த்தேன், ஓட்டோடு சேர்த்தே 310 கிராம். கழற்றினால் ஐந்தே செல்.

இதே தராசு ஆம்பியர் கணக்குக்கும் உதவும். 18650 செல் போட்ட 18 வோல்ட் 5 ஏஎச் (ஆம்பியர் ஹவர், எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) பேட்டரியில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்து செல் இருக்கும். ஓட்டோடு 600 கிராமுக்கு மேல் நிற்க வேண்டும். இப்போது 21700 என்று கொஞ்சம் பெரிய செல் வருகிறது, அது போட்ட பேட்டரி 4 ஏஎச்சுக்கு ஒரே வரிசைதான், எடை குறையும். அதைப் பார்த்துக் கம்பெனியைச் சந்தேகப்பட்டுவிடாதீர்கள்.

#4 ஆசாரி மகன் (கோவை)

கிறுக்கன் அண்ணன் சொன்னது சரி. ஆனால் கேள்வியே கொஞ்சம் மாற வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த டிரில் என்று கேட்காதீர்கள், எந்த பேட்டரி வீட்டுக்கு வாழ்க்கைப்படப் போகிறீர்கள் என்று கேளுங்கள். முதல் மெஷினோடு இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர் வந்துவிடும். அடுத்த மெஷினை வெறும் உடலாக வாங்கலாம், விலை பாதிக்குப் பக்கம் இறங்கும். மூன்றாவது மெஷின் வாங்கும்போது பிராண்ட் மாற மனசு வராது. கம்பெனிக்காரனும் அதைத் தெரிந்துதான் முதல் கிட்டை மலிவாகத் தள்ளிவிடுகிறான்.

நாங்கள் இன்டீரியர் வேலை. அப்பா இழைப்புளி பிடித்த கை, நான் பேட்டரி மெஷின் பிடித்த கை. எங்களிடம் மகிட்டா 18 வோல்ட், எல்எக்ஸ்டி வரிசை. அது 2005இல் வந்தது, இன்று வரை பேட்டரி மாட்டும் வாய் மாறவில்லை. ஆனால் மகிட்டா என்று பெயர் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். விலை குறைந்த ஜி வரிசையிலும் 18 வோல்ட் பேட்டரி உண்டு, அது எல்எக்ஸ்டி மெஷினில் ஏறாது. 40 வோல்ட் எக்ஸ்ஜிடி இன்னொரு குடும்பம். ஒரே பெயர், மூன்று வீடு, மூன்று சாவி.

மாடுலர் கிச்சனுக்கு எங்களுக்கு இரண்டு மெஷின் போதும். ஒன்று டிரில் டிரைவர், இன்னொன்று இம்பாக்ட் டிரைவர். மூன்று இஞ்ச் ஸ்க்ரூவை வேங்கைச் சட்டத்தில் இறக்க இம்பாக்ட் மாதிரி வராது. டகடகவென்று உள்ளே ஒரு சுத்தியல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டே திருகும், நம் மணிக்கட்டுக்கு முறுக்கு வராது. அதையே பார்ட்டிக்கிள் போர்டு கீலில் வைத்தால் ஒரே நொடியில் ஸ்க்ரூ சுற்றிச் சுற்றி ஓட்டையை மாவாக்கிவிடும். கீலுக்கு டிரில் டிரைவர்தான். பிட்டைக் கவ்வும் சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதை 3இல், 4இல் வைத்து ஆரம்பியுங்கள். ஸ்க்ரூ தலை பலகையோடு சமமானதும் "கிர்ர்" என்று சத்தம் கொடுத்து அதுவே நழுவிவிடும். பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்த வளையத்தைத் திருப்புவதே இல்லை, கடைசிவரை டிரில் படம் போட்ட இடத்திலேயே வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டுக் கீல் ஆடுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

#5 வயர்மேன்

வந்துவிட்டேன். எல்லாரும் பேட்டரியையே பேசுகிறீர்கள், தம்பி மாட்டப்போவது திரைச்சீலைக் கம்பி. அது எங்கே வரும்? ஜன்னலுக்கு மேலே. ஜன்னலுக்கு மேலே என்ன இருக்கும்? லிண்டல். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். பதினான்கு ஓட்டையும் அதில்தான்.

சாதாரண ஹேமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு வட்டு ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளும், அவ்வளவுதான். செங்கல்லுக்கு அது போதும். லிண்டலில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வரும், மாவு வரும், ஜல்லி மேல் பட்டதும் நின்றுவிடும். பிட் முனை நீலமாகக் கருகும். ரோட்டரி ஹேமர் வேறு சாதி. உள்ளே பிஸ்டன் ஓடிக் காற்றை அழுத்தி அடிக்கும், நாம் தள்ளவே வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும். அதற்கு எஸ்டிஎஸ் என்று தனி பிட். பின்பக்கம் காடி வெட்டியிருக்கும், தள்ளினால் மாட்டிக்கொள்ளும். போஷ் 1975இல் கொண்டுவந்த ஏற்பாடு, இன்று எல்லாக் கம்பெனியும் அதையே போடுகிறது.

கணக்கு இப்படி: ஒயரில் ஓடும் போஷ் 2-26 மாதிரி மெஷினில் ஒரு அடியின் பலம் 2.7 ஜூல். பேட்டரியில் 18 வோல்ட் சிறியது ஏறக்குறைய 2 ஜூல். இரண்டுமே 8 எம்எம் ஓட்டையை லிண்டலில் சில நொடியில் போடும். ஆனால் பேட்டரி ரோட்டரியைக் கிட்டாக வாங்கினால் உங்கள் பட்ஜெட் அதிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், பைப் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும். மாதம் ஒரு வீடாவது இதற்காகவே என்னைக் கூப்பிடுகிறது.

#6 புதுக்குடித்தனம்

வயர்மேன் அண்ணா, நான் தம்பி இல்லை, தங்கை. பரவாயில்லை.

லிண்டல் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நான் சொன்னால் கேட்டாயா" என்று ஒரு பார்வை. ஆனால் கீலுக்கும் பெஞ்சுக்கும் ஒயர் ரோட்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆக இரண்டு வேலைக்கு இரண்டு மெஷின் என்றுதான் முடியும் போலிருக்கிறது. பிராண்ட் பற்றி யாராவது வெளிப்படையாகச் சொல்லுங்களேன்.

#7 லிங்கிச் செட்டித் தெரு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மண்ணடியில் டூல்ஸ் விற்கிறவன். எல்லாப் பிராண்டும் என்னிடம் உண்டு, எது போனாலும் எனக்குச் சோறுதான். அதனால் மனம் விட்டுப் பேசலாம்.

போஷில் நீலம் தொழிலுக்கு, பச்சை வீட்டுக்கு. இரண்டிலும் 18 வோல்ட் உண்டு, ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது. சிங்கப்பூரிலிருந்து யாரோ பச்சை வாங்கி வந்து கொடுப்பார்கள், இவர் இங்கே நீல பேட்டரி கேட்டு வருவார், நான் தலையாட்டி அனுப்புவேன். வாரம் ஒருவராவது உண்டு. வீட்டுக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது நீலத்தில் 12 வோல்ட். 120 என்று எண் போட்டு வரும் அந்தச் சின்ன மெஷினின் முறுக்கு 30 நியூட்டன் மீட்டர். ஏசி மாட்டுகிறவர்கள், சிசிடிவி பையன்கள் எல்லார் பையிலும் அது ஒன்று கிடக்கும்.

மகிட்டா நகோயாவில் 1915இல் மோட்டார் ரிப்பேர் கடையாக ஆரம்பித்த கம்பெனி. மோட்டாரில் அந்தப் பழைய கை இன்னும் தெரியும் என்பது என் எண்ணம். ஆசாரிமார் பழகிவிட்டால் விடமாட்டார்கள்.

டிவால்ட் 1924இல் மரம் அறுக்கும் ரம்பத்தோடு தொடங்கியது. 1960இல் பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது, அந்த பிளாக் அண்ட் டெக்கரும் 2010இல் ஸ்டான்லியோடு சேர்ந்துவிட்டது. இப்போது மூன்றும் ஒரே கூரை. அதற்காக ஸ்டான்லி பேட்டரி டிவால்ட்டில் ஏறும் என்று நினைக்க வேண்டாம். டிவால்ட் உடம்பு உறுதி, விலையும் உறுதி.

ஹிகோகி என்றால் பலருக்குத் தெரியாது, பழைய ஹிட்டாச்சி கோக்கிதான், 2018இல் பெயர் மாறியது. 36 வோல்ட்டிலும் ஓடி, 18 வோல்ட் மெஷினில் மாட்டினால் தானாக 18 ஆகிவிடும் ஒரு பேட்டரி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் அந்த யோசனை ரொம்பப் பிடிக்கும், ஆனால் கேட்டு வருகிறவர் குறைவு. ஹில்டி லிக்டென்ஸ்டைன் கம்பெனி. கடை மூலம் விற்பதைவிடக் காண்ட்ராக்டர்களிடம் நேரே போகிறவர்கள், வீட்டுக்கு அது தேவையே இல்லை. இங்கோ, டோட்டல் என்ற இரண்டு பிராண்டும் விலைக்கு நியாயமான சாமான். வருடத்துக்கு இருபது ஓட்டை போடுகிறவருக்கு நானே எடுத்துக் கொடுப்பேன், தினம் இருநூறு ஸ்க்ரூ போடுகிறவருக்குக் கொடுக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: "இந்த பேட்டரி மட்டும் தனியாக இப்போது கடையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்." காட்ட முடியாவிட்டால் அந்தப் பிராண்டை உங்கள் ஊரில் வாங்காதீர்கள். அது உலகத்திலேயே சிறந்த பிராண்டாக இருக்கட்டுமே.

#8 மஞ்சள் கட்சி

டிவால்ட்டை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே முதலாளி. மூன்றாவது மாடியிலிருந்து என் மெஷின் விழுந்தது. பேட்டரியைத் துடைத்து மாட்டினேன், ஓடியது.

#9 ஆசாரி மகன்

மெஷினைக் கீழே போடாமல் வேலை செய்யப் பழகினால் மகிட்டாவும் அவ்வளவு நாள் ஓடும் பங்காளி.

#10 ஸ்கார்பரோ சித்தி (டொராண்டோ)

வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே விலை பார்த்தால் ஆசை வரும். போன வருடம் காரைக்குடியில் இருக்கும் தம்பி மகனுக்கு ஒரு கிட் வாங்கிப் போனேன். பேட்டரி எந்த நாட்டிலும் பேட்டரிதான், சார்ஜர் அப்படியில்லை. இங்கே 120 வோல்ட், அங்கே 230. அவன் ஒரு பின் அடாப்டரை மட்டும் போட்டுச் சுவரில் சொருகினான். "டப்" என்று ஒரு சத்தம், நெடி, முடிந்தது. சார்ஜரில் 120 என்றுதான் எழுதியிருந்தது, நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அதே பேட்டரிக்கு 230 வோல்ட் சார்ஜர் தேடி அலைந்ததில் மிச்சம் பிடித்த பணம் போய்விட்டது. வாரண்டியும் இந்த ஊருக்குத்தான்.

விமானத்தில் மெஷினைப் பெரிய பெட்டியில் போட வேண்டும், தனி பேட்டரியைக் கைப்பையில் வைக்க வேண்டும். 100 வாட் ஹவருக்குள் இருந்தால் தொல்லை இல்லை. 18 வோல்ட்டை 5 ஏஎச்சால் பெருக்கினால் 90, போகலாம். 6 ஏஎச் என்றால் 108, விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

என் வீட்டில் ரியோபி பிராண்ட். இங்கே தச்சுவேலைக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1996இல் வந்த மெஷினில்கூட இன்றைய பேட்டரி ஏறுகிறது.

#11 வலிகாமத்தான் (யாழ்ப்பாணம்)

இங்கே நிலைமை வேறு. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் ஒயர் மெஷின் வைத்திருந்த ஓடாவிமார் (தச்சர்கள்) எல்லாம் கை கட்டிக்கொண்டு இருந்தார்கள். கரண்ட் வந்த நேரத்தில் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு மிச்ச நேரம் நான் வேலை செய்தேன்.

ஆனால் வெளியே எல்லாரும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்), பிரஷ்லெஸ் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரஷ்லெஸ் நல்லதுதான், சூடு குறைவு, சார்ஜ் கூட நேரம் நிற்கும். பழுதானால்? உள்ளே இருக்கும் மின்பலகை போனால் மெஷின் விலையில் பாதி கேட்கிறார்கள், அதுவும் கொழும்பிலிருந்து வர வேண்டும். நான் பாவிப்பது கார்பன் பிரஷ் உள்ள பழைய டிரில். மூடியைக் கழற்றிப் புதுக் கார்பன் இரண்டைப் போட்டால் திரும்பவும் ஓடும், அந்தச் சாமான் சந்தைக் கடையில் கிடைக்கும். பக்கத்தில் சர்வீஸ் இல்லாத ஊர்க்காரர் இதையும் யோசியுங்கள்.

#12 பேட்டரி கிறுக்கன்

வலிகாமத்தார் சொல்வதை ஏற்கிறேன், டிரில்லுக்கு மட்டும். நாள் முழுக்க ஓடும் இம்பாக்ட் டிரைவருக்குப் பிரஷ்லெஸ்தான் வாங்குவேன்.

இரும்பு அறுக்கும் கிரைண்டர் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து எல்லாரும் அங்கேதான் போவார்கள். ஸ்கார்பரோ சித்தி போட்ட 90 வாட் ஹவர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு இஞ்ச் கிரைண்டர் இரும்பு அறுக்கும்போது 600 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 90 பை 600, ஒன்பது நிமிடம். அதுவும் காகிதக் கணக்கு. கிரில் வேலை செய்கிறவர் பேட்டரி கிரைண்டர் வாங்கினால் சார்ஜர் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான். விட்டு விட்டு ஓடும் வேலைக்கு பேட்டரி, தொடர்ந்து ஓடும் வேலைக்கு ஒயர்.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். வேலை முடித்துச் சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடாதீர்கள், அரை மணி நேரம் நிழலில் கிடக்கட்டும். மே மாதத்தில் கார் டிக்கியில் விட்டுப் போகாதீர்கள். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள், முழுதாகக் காலியாக்கி வைத்தால் திரும்ப எழுந்திருக்காது.

#13 ஆசாரி மகன்

கூடவே டூப்ளிகேட் பேட்டரி. ஒரிஜினலின் மூன்றில் ஒரு விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு முறை இரண்டு வாங்கினேன், எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. முதல் மாதம் நன்றாக ஓடியது. இரண்டாம் மாதம் சார்ஜில் இருக்கும்போதே அடிப்பக்கம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. அப்பா அதைத் துணியில் பிடித்து எடுத்துப்போய் வாசல் மணலில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ராத்திரி சார்ஜ் கிடையாது.

ஒரு பிராண்ட் பேட்டரியை இன்னொன்றில் மாட்ட அடாப்டர் விற்கிறார்கள், அதற்கும் இதே பயம்தான். பேட்டரி தீரும்போது ஓட்டத்தை நிறுத்தும் ஏற்பாடு சில கம்பெனியில் பேட்டரிக்குள் இருக்கும், சிலதில் மெஷினுக்குள் இருக்கும். மாற்றி மாட்டினால் இரண்டிலும் இல்லாமல் போகலாம். செல் செத்த பிறகுதான் மெஷின் நிற்கும்.

#14 புதுக்குடித்தனம்

வாங்கிவிட்டேன், எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போக வந்தேன்.

மெயின்கார்ட் கேட் பக்கம் ஒரு கடையில் முதல் கேள்வியே "இந்த பேட்டரி தனியாக இருக்கிறதா" என்று கேட்டேன். ஒரு பிராண்டுக்கு ஆர்டர் போட்டால் பத்து நாள் என்றார், இன்னொன்றுக்கு அலமாரியிலிருந்தே எடுத்து வைத்தார். எடுத்து வைத்ததைத்தான் வாங்கினேன். போஷ் நீலம், 12 வோல்ட், இரண்டு பேட்டரி. ரோட்டரி வாங்கவில்லை. அப்பாவின் பழைய சகா ஒருவர் வீட்டில் ஒயர் ரோட்டரி சும்மா கிடந்தது, மெஷினுக்குக் காசு வாங்கமாட்டேன் என்றார், புது 8 எம்எம் பிட் ஒன்று மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

முதல் ஓட்டையை அப்பா போட்டார். கல்யாணப் பத்திரிகை கவர் ஒன்றைத் திறந்தபடி ஓட்டைக்குக் கீழே டேப் போட்டு ஒட்டினார், மாவு முழுக்க அதில் விழுந்தது. இரண்டாவது நான் போட்டேன். பாதியில் "நங்" என்று ஒரு சத்தம், பிட் நின்றது, உள்ளே கம்பி. அப்பா பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன், "அரை இஞ்ச் தள்ளிப் போடு" என்று மட்டும் சொன்னார். மிச்சப் பன்னிரண்டும் நான்தான்.

கீல்கள் வளையம் 4இல் வைத்து முடிந்தது. பழைய ஓட்டை பெரிதாகிவிட்ட இடங்களில் தீக்குச்சியும் ஃபெவிகாலும் வைத்து இறுக்கினேன். இப்போது விளையாட்டுச் சாமான் என்று சொன்னவரேதான் மத்தியானம் யாரும் பார்க்காதபோது அதை எடுத்து வீட்டிலுள்ள நாற்காலி ஸ்க்ரூக்களை எல்லாம் இறுக்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரே பிரச்சினை, கீழ் வீட்டு மாமா சத்தம் கேட்டு வந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ரோட்டரியை இரவல் கேட்கிறார். மெஷின் என்னுடையதே இல்லை. எப்படிச் சொல்வது?

#15 வயர்மேன்

மெஷினைக் கொடுங்கள் தங்கச்சி, பிட்டைக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை கேட்க மாட்டார்.